கிரேக்கக் கடலில் சோறு வடித்த கதை

கிரேக்கத் தீவுகளுக்குப் பாய்மரப் படகில் போன கதையை எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் அண்ணை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணை என்றால் என் கூடப்பிறந்தவர் இல்லை. என் கணவரின் கூட்டாளி. மொன்றியலில் பாணும் பாலும் லொத்தர் சீட்டும் விற்கிற ஒரு மூலைக்கடை வைத்திருக்கிறார். அவருடைய கதையில் காற்று இருக்கிறது, அலை இருக்கிறது, மன்னார்க் கடற்கரையில் பிறந்தவனின் துணிவு இருக்கிறது. சோறு மட்டும் இல்லை. அந்தப் பயணத்தில் நான் கண்டது பெரும்பாலும் சோறுதான். அதனால் நான் எழுதுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நான் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தேன். வீடு செயின்ட்-மிஷேலில். அண்ணை இணையத்தில் தேடி மலிவு வாடகைக்கு ஒரு படகு பிடித்தார். பழைய படகு. ஓட்டுவதற்கு ஒரு கிரேக்கப் பெடியன் வருவான். சமையல் எங்கள் பொறுப்பு.

"சமையலுக்கு ஆள் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். எங்கடை பொம்பிளையள் இருக்கினம்தானே" என்றார் அண்ணை, எங்கள் வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே.

மலிவு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போதே விளங்கியது. ஆனாலும் ஓம் என்றேன். எனக்குக் கடல் வேண்டியிருந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவள். ஆனால் அந்தக் கடலில் நான் குளித்ததில்லை. போர்க்காலம். கடற்படை, முட்கம்பி, தடை. கரையில் நின்று பார்க்கவே பயம். அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை முடிந்து பஸ் எடுத்து நகரசபை நீச்சல் குளத்துக்குப் போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன். நீச்சல் பழக்கிய இளம் பெட்டை பிரெஞ்சில் கத்துவாள், மூச்சை விடு, காலை அடி என்று. மூக்கால் தண்ணீர் குடித்துக் குடித்துப் பழகினேன். வெளியே வந்தால் ஈரத் தலைமயிர் பனியில் விறைத்துப் போகும். ஒரே ஒரு தடவை உண்மையான கடலில், எனக்காக மட்டும் நீந்த வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

படகில் ஏறிய முதல் நாளே அந்தப் பெடியன் கேட்டான், யாருக்கு நீந்தத் தெரியும் என்று. மூன்று ஆண்களும் கை தூக்கினார்கள். அண்ணை, என் கணவர், கூட வந்த கல்யாணமாகாத டாக்ஸிக்காரக் கூட்டாளி. நானும் தூக்கினேன். கணவர் என் கையைப் பிடித்து இறக்கினார்.

"சும்மா இரும். குளத்திலை காலடிச்சது நீச்சலே?"

"கடல் வேறை, தங்கச்சி" என்றார் அண்ணை. "நாங்கள் கடலோடை வளந்த ஆக்கள்."

அவர் வளர்ந்த மன்னாரிலும் அதே தடை, அதே கடற்படைதான். மொன்றியலுக்கு வந்து கல்லாவில் இருந்த பிறகுதான் அவர் கடலோடி ஆனார்.

ஆட்கள் படகுக்குத் துணிப்பையோடு வருவார்கள். நாங்கள் கொழும்புக்குப் போவது போல உருட்டுப் பெட்டிகளோடு போனோம். அவற்றை வைக்க இடமில்லாமல் கட்டிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒடுங்கிப் படுத்தோம். ஒரு பெட்டி நிறைய அரிசியும் மிளகாய்த்தூளும். இன்னொன்றில் அண்ணையின் ரைஸ் குக்கர். படகின் மின்சாரம் அதற்குப் போதாது என்று பெடியன் சொன்னான். குக்கர் பயணம் முழுவதும் தலையணையில் படுத்திருந்தது. சோற்றை நானும் அண்ணையின் மனைவியும் ஆடுகிற அடுப்பில், பானையைக் கையால் பிடித்துக்கொண்டு வடித்தோம்.

இரண்டாம் நாளே தண்ணீர்த் தொட்டி வற்றிவிட்டது. ஒவ்வொரு வேளையும் அரிசியை மூன்று தரம் களைந்து ஊற்றினால் வேறென்ன நடக்கும்? பெடியன் தலையில் கை வைத்தான். ஏழு நாளும் ஓட வேண்டிய, ஒரு கிழமைக்கான தண்ணீராம். அடுத்த தீவில் காசு கொடுத்துத் திரும்ப நிரப்பினோம்.

"பொம்பிளையளுக்குத் தண்ணியின்ரை அருமை தெரியாது" என்றார் அண்ணை. அரிசி களையாமல் வடித்த சோற்றை முதல் நாள் தட்டோடு தள்ளியவர் அவர்தான்.

தீவுகளை நான் சமையலறையின் சின்ன வட்ட ஜன்னலால் பார்த்தேன். வெள்ளை வீடு கொஞ்சம், நீலம் கொஞ்சம், பிறகு ஆவி படிந்து ஒன்றுமில்லை.

"இஞ்சை வந்து பாருங்கோவன், என்ன வடிவு!" என்று மேலேயிருந்து கத்துவார்கள்.

"நீங்கள் வந்து கறியைப் பாருங்கோ, நாங்கள் வடிவைப் பாக்கிறம்!" என்று அக்கா கீழேயிருந்து கத்துவார். அண்ணையின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

கரைக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றால் அண்ணைக்கு ஒலிவ் எண்ணெய் ஒத்துக்கொள்ளாது. நான் நீந்தப் போறன் என்றால், "சமையலை முடிச்சிட்டுப் பேந்து இறங்குவம்" என்பார் கணவர். சமையல் முடிந்தால், "சாப்பிட்ட வயித்தோடை தண்ணியிலை இறங்கக்கூடாது." நீச்சலுடையை நாள்தோறும் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டினேன்.

கடைசி நாள் ஒரு சின்னக் குடாவில் நங்கூரம் போட்டோம். பெடியன் கடலில் குதித்து, நீந்திக் கரைக்குப் போய், கோப்பிக் கடையில் இருந்துவிட்டான். நாங்கள் கரைக்கு வருவதற்கென்று ரப்பர் தோணியைப் பின்னால் கட்டிவிட்டுத்தான் போனான். அண்ணைக்கு அந்த முடிச்சுப் பிடிக்கவில்லை. அவிழ்த்து, மன்னார் முடிச்சு என்று ஒன்றைப் போட்டுக் காட்டினார். டாக்ஸிக்காரன் படம் எடுத்தான். கொஞ்ச நேரத்தில் தோணி தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

"டேய், பாஞ்சு பிடி!" என்றார் அண்ணை.

"நீங்கள்தானே அண்ணை கடலோடை வளந்தனீங்கள்?" என்றான் டாக்ஸிக்காரன்.

"எனக்குத் தோள்மூட்டு நோகுது."

"எனக்கு நெஞ்சு நோகுது."

என் கணவர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு குனிந்து, கீழே அரிசி களைந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"இஞ்சேரும், உமக்கு நீந்தத் தெரியுமெல்லே?"

"குளத்திலை காலடிச்சது நீச்சலே?" என்றேன்.

"பகிடி விடாதையும். டக்கெண்டு போய் இழுத்துக்கொண்டு வாரும். சோறு பேந்து போடலாம்."

கடைக்குப் போய்ப் பால் வாங்கி வா என்கிற அதே குரல். ஒரு குளிர்காலம் முழுக்க நான் பழகியது இந்த எடுபிடி வேலைக்கா? அரிசியை அப்படியே விட்டேன். மேலே வந்து சட்டையைக் கழற்றினேன். டாக்ஸிக்காரன் வேறு பக்கம் பார்த்தான். குதித்தேன்.

உப்பு கண்ணை எரித்தது. குளத்தைவிடக் கடல் ஆளைத் தூக்கிப் பிடிக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலை அடித்தேன். மூச்சை விட்டேன். கீழே தரை தெரிந்தது, என் நிழலும் அதில் நீந்தியது. தோணி இடப்பக்கம் பாறைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கரை நேரே இருந்தது.

"இடப்பக்கம், தங்கச்சி! இடப்பக்கம்!"

நான் நேரே போனேன். பின்னால் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

மணலில் ஏறித் தலைமயிரைப் பிழிந்தேன். பெடியன் கோப்பிக் கடையிலிருந்து எழும்பி ஓடி வந்தான். தோணியைக் காட்டினேன். யாரிடமாவது படகு கேட்டு உடனே போகப் பார்த்தான். பாறையில்தானே போய் நிற்கும், கோப்பியைக் குடித்துவிட்டுப் போ என்றேன். போய் இருந்து குடித்தான்.

நான் மணலில் இருந்து படகைப் பார்த்தேன். தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. அதில் மூன்று ஆண்களும், முதல் நாளைப் போலவே, கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.