மச்சான் கொடுத்த டிராஃப்டர்

எங்கள் தெருவில் இந்த ஆண்டு இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் சேர்கிறார்கள். இரண்டு வீட்டிலிருந்தும் என் நோட்டைக் கேட்டு வந்தார்கள். என் மகள் சிதம்பரத்தில் பொறியியல் சேர்ந்தபோது நான் எழுதிய நோட்டு அது. வருகைப்பதிவு, அடையாள அட்டை, அரியர், விடுதிக்கு வேண்டிய வாளி பூட்டு என்று அறுபத்திரண்டு குறிப்புகள். ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான், முக்கியமான ஒன்றை அதில் எழுதவில்லை என்று உறுத்தியது. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் பட்டம் வாங்கியதும் சிதம்பரத்தில்தான். ஆனால் அஞ்சல் வழியில். பி.காம். பாடங்கள் பழுப்பு உறையில் தபாலில் வரும். மூன்று ஆண்டுகளில் நான் அந்த வளாகத்துக்குள் இருந்தது மொத்தம் பதினோரு நாட்கள், நேர்முக வகுப்புக்காக. டைரியைப் பார்த்து எண்ணிக்கையைச் சரிசெய்துகொண்டேன். பதினோரு நாளும் மாலை பஸ்ஸைப் பிடித்துக் கடலூர் திரும்பிவிட்டேன். விடுதி ஜன்னல்களில் துண்டுகள் காய்வதைச் சாலையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

என் மனைவியின் அண்ணன் அதே ஆண்டுகளில் அங்கே நான்கு வருடம் விடுதியில் தங்கிப் பொறியியல் படித்தார். ஒருவேளை அந்தத் துண்டுகளில் ஒன்று அவருடையதாக இருந்திருக்கலாம்.

மகள் விடுதிக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறு, மச்சான் வடலூரிலிருந்து கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேஜையில் என் நோட்டு இருந்தது. எடுத்துப் புரட்டினார்.

"மாப்ள, காலேஜுக்கு அனுப்பறீங்களா, கணக்குத் தணிக்கைக்கு அனுப்பறீங்களா? இதுல தும்மறதுக்கு எத்தனாவது பாயிண்ட்டு?"

மகள் சிரித்தாள். "மாமா, நீ சொல்லு. என்னா பண்ணணும்?"

"மொத நாளே ஒரு சீனியர் அக்காவப் புடிச்சிக்க. மெஸ்ல பொங்கல் போடற அன்னிக்கு லேட்டாப் போகாத. கிளாஸ்ல யாரு ஒழுங்கா நோட்ஸ் எடுக்கறான்னு ஒரு வாரம் கவனி, அப்பறம் அவ பக்கத்துல போய் உக்காரு. சந்தேகம் இருந்தா ஸ்டாஃப் ரூமுக்கே போய்க் கேளு, யாரும் கடிச்சிட மாட்டாங்க. அவ்ளோதான் காலேஜு."

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவர் சொன்னது நான்கு. நான் எழுதியது அறுபத்திரண்டு. அவள் விடுதிக்குப் போன பிறகு பார்த்தால் நோட்டு ஃபிரிட்ஜின் மேல் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு காரியம் செய்தேன். அவள் போனில் பேசும் நேரத்தை டைரியில் குறித்தேன். எனக்கு இரண்டு நிமிடம், அவள் அம்மாவுக்கு ஒன்பது நிமிடம். மச்சானிடம் எவ்வளவு பேசினாள் என்பதை என் மனைவி வழியாகக் கேட்டு எழுதினேன். ஒரு நாள் இருபது நிமிடம் என்றாள். பக்கத்தில் "இருபது" என்று எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் மச்சான் மறுபடி வந்தார். கையில் ரெக்சின் உறை. உள்ளே ஒரு மினி டிராஃப்டர். முதலாண்டு வரைபடப் பாடத்தில் பலகையின் மேல் விளிம்பில் மாட்டிக்கொண்டு கோடு போடும் கருவி அது. சட்டங்கள் நல்ல எஃகு. கவ்வியின் அடியில் ஆறு எழுத்துகள் கீறப்பட்டிருந்தன.

"சீனியர் ஜூனியருக்குக் குடுக்கறது மாப்ள. யார்கிட்ட இருக்குதோ அவங்க மொத எழுத்தக் கீறுவாங்க. ஆறாவது நான். ஜூனியருக்குக் குடுத்திருக்கணும், ஆனா எங்கிட்டயே தங்கிடுச்சி. ஏழாவது நம்ம பொண்ணு. நீங்க பாக்கப் போவசொல்ல குடுத்துடுங்க. நான் அவகிட்ட சொல்லல, திடீர்னு பாத்தா சந்தோஷப்படுவா."

அந்த ஆறு எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன். மச்சானைத் தவிர அதற்குரியவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. அவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். இப்போது என் மகளும் அந்த வரிசையில் போய் நிற்கப்போகிறாள், மச்சானுக்கு அடுத்து.

மறுநாள் கடலூர் கடைத்தெருவில் ஒரு புது டிராஃப்டர் வாங்கினேன். ஞாயிறு சிதம்பரம் போய் அதைத்தான் அவளிடம் கொடுத்தேன். "அப்பா வாங்கினது" என்றேன். "தேங்க்ஸ்ப்பா" என்று பையில் போட்டுக்கொண்டாள். மச்சானுடையதை அலமாரியில் டைரிகளுக்குப் பின்னால் வைத்தேன்.

சும்மா வைத்திருக்க முடியவில்லை. வரைபடப் பாடப்புத்தகம் ஒன்று வாங்கினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, சாப்பாட்டு மேஜையில் பலகையை வைத்து, டிராஃப்டரை மாட்டி, முதல் பயிற்சியிலிருந்து போட்டேன். நேர்கோடு, சாய்கோடு, பிறகு ஒரு பொருளின் முன்தோற்றம், மேல்தோற்றம். பழைய கருவி என்பதால் கவ்வி சற்று ஆடியது. தபால் அட்டையில் ஒரு துண்டு வெட்டி அடியில் வைத்தேன், நின்றது. ஆறு வாரத்தில் பதினான்கு தாள்கள்.

மனைவி ஒரு நாள் காபியோடு வந்து நின்றாள். "எங்க அண்ணன் குடுத்தது இல்ல இது? அவளுக்குத்தான குடுத்தாரு?"

"அவளுக்குப் புதுசு வாங்கிக் குடுத்துட்டேன்."

"நல்லா வாங்கினீங்க போங்க."

மகளின் தாள்கள் திரும்பி வரத் தொடங்கியது அப்போதுதான். முதல் தாளை ஆசிரியர் "மறுபடி போடு" என்று திருப்பினார். இரண்டாவதையும். மூன்றாவதையும். கோடுகள் இணையாக வரவில்லை, கீழே போகப்போக அகலுகின்றன. மச்சான் அவளிடம் போனில் "டிராஃப்டர் எப்பிடி இருக்குது?" என்று கேட்டாராம். நான் வாங்கிக் கொடுத்ததைத்தான் கேட்கிறார் என்று நினைத்து அவள் "நல்லாத்தான் இருக்குது மாமா, எனக்குத்தான் வரல" என்றாளாம். இதை என் மனைவி சொன்னபோது, மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதிதான் எனக்கு முதலில் வந்தது.

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். பையை இறக்கிவைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்:

"எனக்கு இது வராதும்மா. எல்லாரும் அஞ்சாவது ஷீட்ல இருக்காங்க, எனக்கு இன்னும் மொத ஷீட்டே ஓகே ஆவல. இன்டர்னல் மார்க்கே வராது. நான் நின்னுடறேன். அப்பா மாதிரி பி.காம் படிச்சிக்கறேன், கரஸ்ல."

கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு கணம் மகிழ்ச்சியாக இருந்தது. "அப்பா மாதிரி" என்று அவள் எதையும் அதற்கு முன்பு சொன்னதில்லை. மகிழ்ந்தேன் என்ற இந்த வரியை டைரியில் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

அவளுடைய டிராஃப்டரை எடுத்துப் பார்த்தேன். கோணத்தை நிறுத்தும் திருகு, கோடு இழுக்க இழுக்கத் தளர்ந்துகொண்டே வந்தது. பூஜ்யத்தில் வைத்தால் நான்காவது கோட்டுக்குள் நகர்ந்துவிடுகிறது. கடையில் நான் பார்த்தது உறையைத்தான், திருகை அல்ல.

அலமாரியைத் திறந்து மற்றதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன்.

"என்னாது இது?"

"மாமா உனக்குக் குடுத்தது."

"எப்போ?"

"நீ சேந்த மூணாவது வாரம்."

அவள் கணக்குப் போட்டாள். "ரெண்டு மாசமா இங்கயா இருந்துச்சி? ஏம்ப்பா?"

அடுப்படியிலிருந்து மனைவி சொன்னாள்: "பொறாம. வேற என்னா."

டிராஃப்டரோடு வந்த என் தாள்களை அவள் விரித்துப் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று பதினான்கும். வலது கீழ் மூலையில் பெயரும் பதிவு எண்ணும் எழுதும் கட்டம் இருக்கும். அதையும் முறைப்படி நிரப்பியிருந்தேன்.

"இது யாரு நம்பரு?"

"என்னுது. பி.காம் பதிவு எண்."

விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் பலகையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். "இது ஏன் நழுவாம நிக்கிது? காட்டுங்க." கவ்வியின் அடியில் இருந்த தபால் அட்டைத் துண்டைக் காட்டினேன். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்பு பூஜ்யத்தைப் பார்க்கச் சொன்னேன். சட்டத்தை நேராக்கக் கை நீட்டினேன்.

"தொடாதீங்க. நான் போட்டுக்கறேன்."

ஞாயிறு மாலைக்குள் மூன்று தாள்களையும் போட்டு முடித்தாள். நான் பென்சில் சீவிக் கொடுத்தேன். திங்களன்று இரண்டை ஏற்றுக்கொண்டார்கள், ஒன்று மறுபடி. நிற்பதைப் பற்றி அதன்பின் பேச்சில்லை.

மச்சானிடம் எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"கேட்டிருந்தா உங்களுக்கே ஒண்ணு வாங்கித் தந்திருப்பனே மாப்ள!" என்று சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். "ஒண்ணு சொல்றேன், பொண்ணுகிட்ட சொல்லாதீங்க. அந்த டிராயிங்ல எனக்கு ரெண்டு தரம் அரியர். கடைசி வருசம்தான் பாஸு. அதனாலதான் ஜூனியருக்குக் குடுக்காம எங்கிட்டயே தங்கிடுச்சி. நீங்க பதினாலு ஷீட்டு போட்டீங்களாமே. நான் மொத்தமா அவ்ளோ போட்டிருப்பனான்னு தெரியல."

இதைக் கேட்டால் மனம் ஆறும் என்று யாரும் நினைப்பார்கள். எனக்கு ஆறவில்லை. அரியருக்குப் படிப்பதற்கும் அவருக்கு அங்கே ஓர் அறை இருந்தது, அறையில் எழுப்பிவிட ஆட்கள் இருந்தார்கள் என்றுதான் தோன்றியது.

மகள் ஏழாவது எழுத்தைக் கீறினாள். இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் அதை முதலாண்டுப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள். கொடுப்பதற்கு முன்பு, அதை வீட்டுக்கு எடுத்து வரும்படி போனில் கேட்டேன்.

"அது நம்மளுது இல்லப்பா" என்றாள்.

"யாரு அந்தப் பொண்ணு?"

"பண்ருட்டிப் பக்கம். நல்ல பொண்ணு. என் ரூமுக்கு அடுத்த ரூம்."

அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. எட்டாவது எழுத்து என்னவென்றும் தெரியாது. என் தபால் அட்டைத் துண்டு இன்னும் கவ்வியின் அடியில் இருக்கிறதா என்று கேட்க நினைத்து, கேட்காமல் போனை வைத்தேன். அன்றைய பேச்சு பதினோரு நிமிடம். டைரியில் இருக்கிறது.

தெருப்பிள்ளைகள் இருவரிடமும் பிரதியைத் திருப்பி வாங்கி, கடைசியில் ஒரு குறிப்பைச் சேர்த்துக் கொடுத்தேன்.

63. சீனியரோ மாமாவோ உனக்கென்று தரும் பொருளை அப்பா வழியாக வாங்காதே. நேரில் போய் வாங்கிக்கொள்.