மூன்றாவது துண்டு

முத்திரைக்காரர் வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைத்தான் திருடினார். ஆனால் அதைப் பத்தொன்பது வருடங்களாக, ஒழுங்காக, எண் போட்டுத் திருடினார்.

கயிற்றுத் தொழிற்சாலையின் மாதிரி அறை அவர் பொறுப்பில் இருந்தது. பெரிய ஆர்டர் எது வந்தாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: அனுப்பும் சரக்கு முழுவதும் மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும். கையெழுத்தாகும் நாளில் இரு தரப்பும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே சுருளிலிருந்து மும்மூன்று மீட்டராக இரண்டு துண்டுகளை வெட்டுவார். தனித்தனி உறையில் போட்டு, சீட்டில் இருவரிடமும் கையெழுத்து வாங்கி, நூல் சுற்றி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றிப் பித்தளை முத்திரையை அழுத்துவார். ஒன்று வாங்குகிறவருக்கு, ஒன்று கம்பெனிக்கு. பின்னால் தகராறு வந்தால் உறையைப் பிரித்து, மாதிரியையும் சரக்கையும் இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். சட்டத்துக்கு வாய்ப்பேச்சில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை, அரக்கில் உண்டு.

வந்தவர்கள் தேநீர் குடிக்க எழுந்து போனதும், அதே சுருளிலிருந்து மூன்றாவதாக ஒரு துண்டை வெட்டி, சட்டைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். முதல் முறை 'ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டாம் முறையிலிருந்து அது துணி காயப்போட. மொட்டைமாடியில் முடிச்சு மேல் முடிச்சாக நீண்டுகொண்டே போன அந்தக் கொடியில் கம்பெனியின் பத்தொன்பது வருட வியாபாரமும் காற்றில் ஆடியது. மனிதர் ஒழுங்கில் ஊறியவர் ஆயிற்றே, ஒவ்வொரு துண்டின் முனையிலும் ஆர்டர் எண் பொறித்த சின்னத் தகரத் தகடு ஒன்றையும் கட்டி வைத்திருந்தார். திருடிய பொருளுக்கு விலாசம் எழுதி வைத்த திருடன் அநேகமாக அவர் ஒருவர்தான்.

கம்பெனிப் பொருளை வெளியே கொண்டுபோகிறவர் உடனே வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று மாதிரி அறைச் சுவரில் ஓர் அறிவிப்புத் தொங்கியது. அதை எழுதியதும் அவரே. கையெழுத்து அழகாக இருக்கும்.

முதலாளி அவருடைய மனைவியின் தம்பி. வேலை நேரத்தில் அவர் முதலாளி, இவர் வெறும் 'நீங்க'. வீட்டில் இவர் மாமா, அவர் மாப்பிள்ளை. இந்த எல்லையை இருவருமே தாண்டியதில்லை. அதனால்தான் அன்று காலை பத்து மணிக்கு மாதிரி அறை வாசலில் "மாமா" என்று ஒரு குரல் கேட்டதும் முத்திரைக்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"மாமா, கதவைச் சாத்திக்கலாமா?"

"தாழ்ப்பாளே இல்லையே முதலாளி. நீங்கதான் கழட்டச் சொன்னீங்க."

முதலாளி கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். விஷயம் இருவருக்கும் தெரிந்ததுதான். உயரமான கட்டிடங்களுக்குக் கண்ணாடி துடைத்துத் தரும் கம்பெனி ஒன்று இரண்டு வருடத்துக்கு முன் கயிறு வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தது. ஆள் தொங்கி நின்று வேலை செய்யும் கயிறு. கடைசியாகப் போன சரக்கில் ஒன்று, போன மாதம், மனிதன் தொங்கும்போதே அறுந்துவிட்டது. இரண்டாம் மாடி உயரம் என்பதால் அவன் உயிரோடு இருந்தான். இடது கால் மூன்று இடத்தில் முறிந்திருந்தது. சரக்கு மாதிரிக்கு ஒத்ததாக இல்லை என்று அவர்கள் நடுவரிடம் போயிருந்தார்கள். விசாரணை அன்று மூன்று மணிக்கு.

"அவங்க உறை தொலைஞ்சுபோச்சு மாமா. ஆபீஸ் மாத்தினப்ப லாரியிலயே எங்கயோ போயிடுச்சாம். உங்ககிட்ட இருக்கற மாதிரியையே ஒத்துக்கறோம்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க."

"நம்ம மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"நம்ம மேல இல்ல. உங்க முத்திரை மேல."

முதலாளி பையிலிருந்து மூன்று மீட்டர் கயிற்றை எடுத்து மேஜையில் வைத்தார். முத்திரைக்காரர் அதைக் கட்டைவிரலால் ஒரு தரம் நெருடினார். போதும்.

"மட்ட நூல் எவ்வளவு கலந்தீங்க?"

"பத்துக்கு மூணு. நல்ல நூல் கிடைக்கல மாமா, தேதி நெருங்கிடுச்சு."

மாதிரி இரண்டு டன் இழுவை தாங்கும். மேஜையில் கிடந்தது ஒன்றரையைத் தாண்டாது. சரக்கை மாதிரிக்கு ஒப்பாகச் செய்யத் தவறியவர், இப்போது மாதிரியைச் சரக்குக்கு ஒப்பாகச் செய்ய வந்திருக்கிறார்.

"இன்னிக்குத் தோத்தா ஷட்டரை இறக்கிட்டுப் போக வேண்டியதுதான். நாப்பது பேர் மாமா, உங்களோட நாப்பத்தொண்ணு. அக்காகிட்ட நான் என்ன சொல்றது?"

"விழுந்தவன்கிட்ட என்ன சொல்றது?"

"அவனுக்கு நான் தனியா செய்வேன். சத்தியமா செய்வேன்."

தாழ்ப்பாள் இல்லாத கதவு தானாகத் திறந்துகொள்ள, நடைபாதையில் கம்பெனி வக்கீல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி நின்றிருந்தார். முத்திரைக்காரரின் பார்வை தன்மேல் விழுந்ததும் திரும்பாமலே சொன்னார்: "நான் இன்னும் வந்து சேரலை சார். பதினொரு மணிக்குத்தான் வருவேன். வர்றப்ப உறை எப்படி இருக்கோ அப்படியே வாங்கிப்பேன்."

நேர்மையானவர்கள் மறுத்துவிடுவார்கள் என்று நினைப்பது அவர்களோடு பழகாதவர்களின் வழக்கம். முத்திரைக்காரர் விளக்கை ஏற்றினார். மெல்லிய தகட்டைச் சூடாக்கிப் பழைய அரக்கின் அடியில் செலுத்தினார். சீட்டும் கையெழுத்துகளும் கலையாமல் நூல் விடுபட்டது. உள்ளே இருந்ததை எடுத்தார், மேஜையில் இருந்ததை வைத்தார், நூலை முடிந்தார், ஊற்றினார், அழுத்தினார். அலமாரித் தூசியை விரலால் எடுத்து மேலே தேய்த்து அரக்கின் பளபளப்பை மங்கவைத்தார். வழக்கமாக அவர் முத்திரையில் ஓரமாக ஒரு குமிழியாவது விழும். இதில் இல்லை. பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு சுத்தமாக அவர் ஒரு முத்திரை வைத்ததே கிடையாது.

உண்மையான மாதிரியை முதலாளி தன் கையாலேயே பாய்லர் நெருப்பில் போட்டுவிட்டு வந்து, "முடிஞ்சுது மாமா" என்றார். இருவருமே அதை நம்பினார்கள். துணி காயப்போடும் கொடிக்கும் வியாபாரச் சட்டத்துக்கும் சம்பந்தம் உண்டென்று யாருக்குத் தோன்றும்?

ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போனார். மாடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"மேல வாங்க, இந்தப் போர்வையைப் பிழிய ஒரு கை வேணும்."

ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள். போர்வையைத் தூக்கிக் கொடியில் வீசியபோது தகரத் தகடு ஒன்று ஆடிவந்து அவர் நெற்றியில் இடித்தது. பிடித்து நிறுத்திப் படித்தார். காலையில் உறைமேல் பார்த்த அதே எண். ஈரப் போர்வையின் கனத்துக்கு அந்தத் துண்டு ஒரு விரல்கூடத் தொய்யவில்லை.

"என்ன, கயித்தை அப்படி வெறிச்சுப் பாக்கறீங்க?"

சொன்னார். கயிறு எங்கிருந்து வந்தது என்பதில் தொடங்கி, காலையில் அதன் இரட்டைப் பிறவி எப்படி நெருப்புக்குப் போனது என்பதுவரை எல்லாவற்றையும் சொன்னார்.

"இது கம்பெனிக் கயிறா?" அவள் கையிலிருந்த கிளிப்புகள் கீழே விழுந்தன. "கடையில வாங்கினதுன்னுல்ல நெனச்சேன்! இத்தனை வருஷமா என் தம்பி சொத்தைத் திருடி அதுலயா துணி காயப்போட்டிருக்கேன்? போன வாரம் அவன் சட்டையையே இதுலதானே போட்டேன்!"

"அது கெடக்குது. காலைல பண்ணினதைச் சொல்றேன்."

"அதையும்தான் கேட்டேன். ரெண்டையும் பண்ணினது நீங்கதானே?" குனிந்து கிளிப்புகளைப் பொறுக்கினாள். குனிந்தபடியே கேட்டாள்: "விழுந்தவனுக்குக் குழந்தைங்க இருக்கா?"

"தெரியாது."

"அதுகூடத் தெரிஞ்சுக்காமயா அரக்கை ஊத்தினீங்க?"

மணி ஒன்றே முக்கால். அவர் கை முடிச்சின்மேல் இருந்தது. அவிழ்க்கவும் இல்லை, விடவும் இல்லை. அவள் போர்வையை இழுத்துக் கைப்பிடிச் சுவரில் போட்டாள்.

"எப்படியும் ஞாயித்துக்கிழமை தம்பி சாப்பிட இங்கதான் வருவான். அவன் மூஞ்சியைப் பாத்துப் பரிமாறப்போறது நான். அதையும் யோசிச்சுக்கிட்டுச் செய்யுங்க."

இரண்டு வருட வெயிலிலும் மழையிலும் இறுகிய முடிச்சு. திருப்புளியால் நெம்பிக் கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார்.

விசாரணை அறையில் ஒரு நீண்ட மேஜை, எட்டு நாற்காலி, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். அவர்தான் நடுவர். உறை நடுவில் இருந்தது. கண்ணாடி துடைக்கும் கம்பெனியின் மேலாளரம்மா அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

"முத்திரை வெச்சது அவர்தானே? அப்ப எங்களுக்கு ஆட்சேபணை இல்லைங்க."

நடுவர் திரும்பினார். "இது நீங்க வெச்ச முத்திரைதானா?"

"ஆமாங்க."

வக்கீலின் தோள்கள் தளர்ந்தன. சொன்னது அட்சரம் பிசகாத உண்மை; அதோடு உட்கார்ந்திருந்தால் பொய் சொன்னார் என்று எந்தச் சட்டமும் அவரைச் சுலபமாகப் பிடித்திருக்க முடியாது. நடுவர் கத்தரியை எடுத்து நூலுக்கடியில் நுழைத்தார். முத்திரைக்காரரின் மடியில் துணிப்பை கனத்தது.

"இன்னொண்ணு கேக்க விட்டுட்டீங்க சார்."

"என்னது?"

"எப்ப வெச்சேன்னு."

கத்தரி அப்படியே நின்றது. "எப்ப வெச்சீங்க?"

"இன்னிக்குக் காலைல. பத்தரைக்கு."

"மாமா!" என்றார் முதலாளி.

"யாரு மாமா?" என்றார் நடுவர்.

முத்திரைக்காரர் பையிலிருந்த கயிற்றை மேஜைமேல் வைத்தார். அதில் ஒரு துணி கிளிப் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நடந்ததை முழுவதும் சொன்னார், தன் திருட்டு உட்பட. வக்கீல் எழுந்து, இதையெல்லாம் தான் இப்போதுதான் கேள்விப்படுவதாகச் சொன்னார். பதினொரு மணிக்கு வந்தவருக்கு வேறு எப்படித் தெரியும்?

நடுவர் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இதுல முத்திரை இல்லை. ரெண்டு வருஷம் வெயில்ல வேற கெடந்திருக்கு. சட்டப்படி இது வெறும் கயிறு, திரும்பக் கொண்டுபோங்க." உறையைத் தள்ளி வைத்தார். "இதுல முத்திரை இருக்கு. ஆனா இதுவும் இப்ப வெறும் கயிறுதான். நீங்க சொன்னதை எழுதிக்கறேன். கையெழுத்துப் போடுங்க."

தொழிற்சாலை மூடப்படவில்லை. சரக்கு முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டு கலப்பில்லாத கயிறு அனுப்ப வேண்டும், விழுந்தவனின் வைத்தியத்தை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பானது. தனியாகச் செய்வேன் என்று சத்தியம் செய்ததை முதலாளி இப்போது எல்லோருக்கும் முன்னால் செய்ய வேண்டியதாயிற்று. உறையை மாற்றிய விவகாரம் காவல்துறைக்குப் போனது. புகாரில் இரண்டு பெயர்கள், ஒன்று முத்திரைக்காரருடையது.

மறுநாள் அவருக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. விசாரணையில் சொன்னதற்காக அல்ல. அப்படி எழுதினால் செல்லாது என்று வக்கீல் சொல்லியிருப்பார். கம்பெனிக் கயிறு மூன்று மீட்டரை வெளியே கொண்டுபோனதற்காக. முத்திரைக்காரர் இரண்டு தரம் படித்தார். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. சுவரில் தொங்கிய விதியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கயிற்றை அவரிடமிருந்து கம்பெனி கைப்பற்றியதில் ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கைப்பற்றிய பொருளை இரண்டாக வெட்டி, கம்பெனிக்கு ஒன்றும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒன்றுமாக முத்திரையிட்டு வைக்க வேண்டும் என்பதும் விதி. முத்திரை வைக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

"முடிச்சுட்டு முத்திரையைக் குடுத்துட்டுப் போங்க" என்றார் முதலாளி, கதவில் சாய்ந்து நின்றபடி. முந்தின நாள் நின்ற அதே இடம்.

முத்திரைக்காரர் அளந்தார். ஒன்றரை மீட்டர், ஒன்றரை மீட்டர். வெட்டினார், உறையில் போட்டார், சீட்டு எழுதினார். அரக்கு உருகும் வரை இருவரும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு முத்திரையிலும் ஓரமாக ஒரு குமிழி விழுந்தது.

பித்தளை முத்திரையை மேஜைமேல் வைத்தார். முதலாளி அதை எடுக்கவில்லை. வெட்டிய இடத்தில் கிடந்த நார்த்துணுக்குகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ரெண்டுதானே வெட்டினீங்க, மாமா?"

முத்திரைக்காரர் சட்டையைத் தூக்கி இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

"ரெண்டேதான், மாப்ள."