பெட்டியில் ஏறாதவர்

ஒக்லாந்தில் பழைய உழவு மெசின் கண்காட்சிக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். மெசினுக்குப் பின்னால் கொழுவிய பெட்டியில் சனங்களை ஏற்றி மைதானத்தைச் சுற்றிக் காட்டினார்கள். வேலியோரம் கம்பளித் தொப்பியோடு நம்மவர் ஒருவர் நின்றார். பெட்டி திரும்பி வரும்போதெல்லாம், இறங்குகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“ஏறேல்லையோ அண்ணை? பயமோ?” என்று பகிடியாகக் கேட்டேன்.

“ஊரில சண்டைக்குள்ள சனம் இடம்பெயரேக்க மனிசியையும் மகளையும் இப்பிடி ஒரு பெட்டியில ஏத்திப்போட்டு, தண்ணி எடுக்கப் போனனான் தம்பி. வந்து பாக்க மெசினைக் காணேல்லை.”

“முருகன் காட்டுவான் அண்ணை.”

“ஓம். நானும் கனகாலம் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்.”

வெள்ளிக்கிழமை கோயிலில் அவருக்காக அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். மூவரில் ஒருவருடைய பேரும் எனக்குத் தெரியாது. சுவாமி பேருக்கே செய்யச் சொன்னேன்.