அப்டேட் செய்ய வேண்டாம்

நான் வேலை செய்த கொம்யூனிகேஷன் கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட மூன்று டெலிபோன் கூண்டுகள், பின்பக்கம் எட்டுக் கம்ப்யூட்டர்கள். சண்டை மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டியிருந்த காலம். பிள்ளைகளை லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்பிவிட்டுக் கொழும்பில் அறை எடுத்து விசாவுக்குக் காத்திருந்த சனங்கள்தான் எங்களிடம் வந்தார்கள். அந்தக் கடையில் மூளை உள்ளவன் நான் ஒருவன்தான் என்பது என் எண்ணம். அதை மறைக்க நான் ஒருநாளும் மெனக்கெட்டதில்லை.

முதலாளிக்குக் கம்ப்யூட்டர் என்பது டிவியோடு சேர்த்து விற்கிற ஒரு பெட்டி. அவருடைய மனைவியின் தம்பி, நாற்பது வயதும் தொந்தியுமான ஓர் ஆள், கடையின் மனேஜர். ஆறு மாதம் படித்து எடுத்த டிப்ளோமாவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். தினமும் காலையில் சாமி படத்தைத் துடைத்த கையோடு அதையும் துடைப்பார். அந்த நேரத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியிருந்தாலும் ஏதாவது உள்ளே போயிருக்கும்.

எட்டுக் கம்ப்யூட்டருக்கும் இணைய லைனைப் பிரித்துக் கொடுத்தது மேசைக்குக் கீழே கிடந்த ஒரு பழைய மெஷின். அதில் லினக்ஸ் போட்டிருந்தேன். முதலாளி மலிவாக வாங்கிய மொடத்தோடு லினக்ஸ் ஒத்துப்போகவில்லை. அதனால் அதன் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் நடுவில் இருந்துகொண்டு கருவிகளை ஆட்டி வைக்கிற பகுதியை, நானே திருத்தி, நானே கட்டினேன். வெளிநாட்டில் எவனோ எழுதி வைத்த ஒட்டு நிரல், நூற்றுக்கணக்கான தெரிவுகள், மூன்று கிழமை உழைப்பு. வேறு கடைகளில் கமராவில் பேசினால் படம் விக்கி விக்கி வரும், எங்கள் கடையில் தண்ணீர் மாதிரி ஓடும். இந்த வேலைக்கென்றே புறக்கோட்டையில் ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள் என்று முதலாளி ஒருமுறை கேட்டார். அது மடையர்களுக்கு என்று சொல்லிவிட்டேன்.

அப்படிக் கட்டிய கெர்னலுக்கு ஒரு சங்கடம் உண்டு. வழக்கமான அப்டேட்டை ஓடவிட்டால் புதிய கெர்னல் வந்து உட்கார்ந்துவிடும், மொடம் செத்துவிடும். அதனால் மெஷினின் நெற்றியில் ‘அப்டேட் செய்ய வேண்டாம்’ என்று தமிழில் எழுதி ஒட்டினேன். கட்டிய விதம் முழுவதையும், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று, அம்புக்குறியும் வயர்ப் படமுமாக தடித்த அட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பியில் எழுதி வைத்தேன். அதுவும் தமிழில்தான்.

ஒருநாள் பக்கத்து ஒழுங்கையில் ஆமியும் பொலிசும் வீடு வீடாகச் செக்கிங் நடத்தினார்கள். முதலாளி கடைக்குள் ஓடி வந்தார். “தமிழில எழுதின ஒரு துண்டும் கடைக்குள்ள கிடக்கக் கூடாது” என்று கத்தினார். காலண்டரைக் கழற்றினார். மெஷினில் ஒட்டியிருந்த துண்டைக் கிழித்தார். அம்புக்குறியும் வயர்ப் படமும் நிறைந்த என் கொப்பி அவருக்குக் குண்டு செய்கிற குறிப்பு மாதிரியே பட்டது. அதைச் சொப்பிங் பைக்குள் சுற்றிக்கொண்டுபோய் வெள்ளவத்தை வாய்க்காலில் போட்டுவிட்டு வந்தார். அவருக்கு என்ன பயம் என்று எனக்கும் தெரியும். அதைவிடச் சின்னத் துண்டுக்காகப் பொலிஸ் விசாரணைக்கு நாலாம் மாடிக்குப் போனவர்கள் இருந்தார்கள். ஆனாலும் அவரை நான் மன்னிக்கவில்லை.

“இங்கிலீசில எழுதி ஒட்டும். சிங்களத்திலயெண்டா இன்னும் நல்லது” என்றார்.

“தேவையில்லை. எல்லாம் என்ர தலைக்குள்ள கிடக்கு” என்றேன்.

அது வீம்பு. மூன்று சொல்லை இங்கிலீஷில் எழுதி ஒட்ட எனக்கு ஒரு நிமிடம் போயிருக்காது. கொப்பியைத் திரும்ப எழுத ஓர் இரவு போதும். இரண்டையும் நான் செய்யவில்லை.

கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருந்த ஓர் அம்மா ஞாயிறுதோறும் பஸ் ஏறி எங்கள் கடைக்கு வருவார். லண்டனில் இருந்த ஒரே மகனைக் கமராவில் பார்ப்பதற்காக. அவருக்கு விசா இரண்டு தடவை மறுக்கப்பட்டிருந்தது. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாலி கட்டுகிற நேரம் எங்கள் மூன்று மணி. “தம்பி, நான் இங்க இருந்துதான் அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கப் போறன். லைன் இடையில நிக்காதெல்லே?” என்று நாலு கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நிற்காது என்று நாலு கிழமையும் நான் சொன்னேன்.

கல்யாண ஞாயிறு பதினொரு மணிக்கு நான் கடைக்கு வந்தபோது எட்டுத் திரையிலும் லைன் இல்லை. மனேஜர் வியர்த்துப்போய் நின்றார்.

“ஐசே, அப்டேட் இருக்கெண்டு கனநாளாக் காட்டிக்கொண்டு நிண்டது. இண்டைக்குக் கல்யாணமெல்லே, மெஷின் நல்லா இருக்கட்டுமெண்டு குடுத்தனான். இடம் காணாதெண்டு சொன்னது. பழசாக் கிடந்ததை அழிச்சுப்போட்டன்.”

பழசாகக் கிடந்தது என் கெர்னல். அதோடு சேர்ந்து தெரிவுகளின் பட்டியலும் போய்விட்டது. நான் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. டிப்ளோமாவையும் இழுத்தேன், அவருடைய அக்காவையும் இழுத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மூலநிரல் மட்டும் மிஞ்சியிருந்தது. தலைக்குள் கிடக்கிறது என்று சொன்ன தலையைக் கொண்டு தெரிவுகளைத் திரும்பப் போட்டேன். அந்தக் கிழட்டு மெஷினில் ஒரு கெர்னல் கட்டி முடிய ஒன்றரை மணித்தியாலம். அம்மா ஒன்றரைக்கே வந்துவிட்டார். காஞ்சிபுரம் சேலை, தலையில் பூ, கையில் வெள்ளித் தட்டம், அதில் அறுகும் அரிசியும். கமராவுக்கு முன்னால் இருந்த கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டு மணிக்கு முதல் கெர்னல் ஏறியது. மொடம் அசையவில்லை. ஏதோ ஒரு தெரிவு பிழை.

“அடுத்த ஒழுங்கைக் கடைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவமே?” என்றார் மனேஜர்.

“அங்க படம் விக்கும். உமக்கு இதெல்லாம் விளங்காது, வாயை மூடும்.”

அம்மா என் முகத்தைப் பார்த்தார். “தம்பி சொன்னா வரும்” என்று இருந்துவிட்டார். பிழையைத் தேடிவிட்டு, மூன்று மணிக்குள் முடியுமா என்று கணக்குக்கூடப் பார்க்காமல், நான் இரண்டாம் தடவை கட்டத் தொடங்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா அந்த எழுத்தை வாசிக்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மனேஜர் என்னைக் கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, டெலிபோன் கூண்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், மகனின் சிநேகிதனுடைய இலக்கத்தை வாங்கி அடித்துக் கொடுத்தார். நாலு எட்டு வைத்தால் வருகிற கூண்டு. வேலை செய்கிற டெலிபோன். எனக்கு அது தோன்றவே இல்லை. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். அம்மா ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். கெட்டிமேளம் கேட்டிருக்க வேண்டும். தட்டத்தில் இருந்ததை இரண்டு கையாலும் அள்ளி அந்த டெலிபோனின் மேலே போட்டார்.

இருட்டுக்கு முன் கொட்டாஞ்சேனைக்குத் திரும்ப வேண்டும், வழியில் எத்தனை இடத்தில் இறக்கிச் செக் பண்ணுவார்களோ தெரியாது. மூன்றரைக்குப் புறப்பட்டார். “பரவாயில்லைத் தம்பி, நீங்கள் கஷ்டப்பட்டனீங்கள்” என்று என்னிடம் சொன்னார். மனேஜருடைய கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு இரண்டாம் கெர்னல் ஏறியது. மொடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பார்த்தீரா என்கிற மாதிரி மனேஜரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தும்புத்தடியோடு கூண்டுக்குள் அரிசி கூட்டிக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் கதிரையில் இருந்து, முன்பு நானே ஆக்கிக் கொடுத்த அவருடைய கணக்கைத் திறந்தேன். படம் விக்காமல் வந்தது.

அம்மா லைனுக்கு வந்துவிட்டார் என்று அங்கே யாரோ கத்தினார்கள். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பொம்பிளையும் கமராவுக்கு முன்னால் ஓடி வந்தார்கள். எங்கள் பக்கத்துக் கமராவை நான் இன்னும் போடவில்லை. கதிரையில் இருப்பது அம்மா இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டு நிலத்தில் விழுந்தார்கள். “அம்மா, ஆசீர்வாதம் பண்ணுங்கோ” என்றான் மகன். எழும்பாமல் கிடந்தார்கள்.

கதிரையில் நான் இருந்தேன். பக்கத்தில் ஒரு மணி அரிசிகூட இல்லை.