முதல் குண்டுக்கு நேரம் கிடையாது

சட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகப் பட்டன் வரும் இடத்தைச் சாக்குக்கட்டியால் குறிப்பவள் என்பதால் அவள் எல்லோருக்கும் பட்டன் அக்கா. வயது நாற்பத்து நான்கு. கை நிதானமானது; வேகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவள் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் ஆடும் மூவர் அணிக்குள் வந்தது ஒரு ஒட்டுப்போடும் ஏற்பாடு. அணித் தலைவன் அவள் தம்பி, இன்னொருவர் அவள் கணவர். மூன்றாவது ஆள் மாற்றலாகிப் போய்விட, வேறு ஆள் கிடைக்கும்வரை என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. ஏழு மாதம் ஓடிவிட்டது.

இப்போது ஆள் கிடைத்துவிட்டது.

“தப்பா நினைக்காதக்கா,” என்றான் தம்பி, வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டு வரவேற்பறையில். அவன் லிஃப்ட் மெக்கானிக். “என்கூட வேலை பாக்குறவர் ஒருத்தர். கை மின்னல் மாதிரி. ஞாயித்துக்கிழமை போட்டிக்கு அவரைப் போடலாம்னு.”

“என்னை எடுத்துட்டு?”

“உன்னை இல்ல. உன் துப்பாக்கியை.”

அவள் துப்பாக்கிக்கு வீட்டில் ‘மூணுகுண்டு’ என்று பெயர். ஒரு முறை விசையை அழுத்தினால் மூன்று குண்டு சடசடவென்று பாயும்; பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கும். தம்பி வைத்திருப்பது ‘அருவி’, அழுத்திப் பிடித்தால் நிற்காமல் கொட்டும். அதை அவள் எடுத்தால் குண்டுகள் ஏறி ஏறிக் கூரைக்குப் போயின.

அவன் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைக் காட்டினான். எந்தத் துப்பாக்கி விநாடிக்கு எவ்வளவு சேதம் செய்யும் என்று விளையாட்டுக்காரர்கள் தொகுத்தது. அருவி 200. மூணுகுண்டு 180. “எதிரிக்கு உயிர் நூறு, கவசம் இருபது. நூத்தி இருபது போனாத்தான் ஆள் காலி. அருவிக்கு 0.6 விநாடி. உனக்கு 0.67. நீ சுட்டு முடிக்கிறதுக்குள்ள அவன் உன்னை முடிச்சுடுவான்.”

“நான் ஜெயிச்சதெல்லாம்?”

“அதிர்ஷ்டம்க்கா.”

கணவர் டெலிவரி வேன் ஓட்டுபவர். குடும்பச் சண்டையில் எந்தப் பக்கமும் திரும்பாமல் நேரே பார்க்கத் தெரிந்தவர். இப்போதும் சுவரையே பார்த்தார்.

மறுநாள் காலை தொழிற்சாலையில், அவள் குறிக்கும் முன்பே பட்டன் தைத்துவிட்ட ஒரு கட்டுச் சட்டை அவள் மேசைக்குத் திரும்பி வந்தது. எல்லாவற்றிலும் கடைசிப் பட்டன் ஏழரை சென்டிமீட்டர் மேலே நின்றது. பட்டன் இயந்திரம் ஓட்டுபவர் தலையைச் சொறிந்தார். “நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர், ஆறு பட்டன். ஆறால வகுத்து ஏழரை ஏழரையா வச்சேன். கணக்கு சரிதானே?”

“ஆறு பட்டனுக்கு நடுவுல எத்தனை சந்துய்யா? அஞ்சு. அஞ்சால வகுத்தா ஒன்பது. முதல் பட்டன் துணியைத் தின்னாது, சும்மா ஆரம்பத்துல உக்காந்திருக்கும். இத்தனை வருஷம்…”

பாதியில் நிறுத்தினாள். சாக்குக்கட்டி கையிலேயே நின்றது.

முதல் குண்டும் அப்படித்தானே? விசையை அழுத்திய அந்தக் கணமே அது போய்விடுகிறது. அதற்கு நேரம் கிடையாது. ஆறு குண்டுக்கு ஐந்து சந்துதான்.

பட்டியலில் இருந்த எண்களை நினைவிலிருந்து வீணாய்ப்போன ஒரு துணித்துண்டில் எழுதினாள். அருவியின் ஒரு குண்டுக்குச் சேதம் இருபது. ஆறு குண்டு வேண்டும். ஐந்து சந்து, ஒவ்வொன்றும் 0.1 விநாடி. மொத்தம் 0.5. மூணுகுண்டுக்கு ஒன்று இருபத்தொன்று, அதற்கும் ஆறுதான். நான்கு சின்னச் சந்து, 0.05 வீதம். நடுவில் மூச்சு வாங்கும் பெரிய சந்து ஒன்று, 0.25. கூட்டினாள். மறுபடி கூட்டினாள். 0.45!

பட்டியல், கடைசிக் குண்டுக்குப் பிறகு வரும் மூச்சையும் கணக்கில் சேர்த்திருந்தது. ஆள் விழுந்த பிறகு யாருக்காக மூச்சு வாங்குவது? ஒரு நிமிடம் நிற்காமல் சுட்டால் பட்டியல் சொல்வதுதான் சரி. சராசரி பொய் சொல்வதில்லை. ஆனால் அது நீண்ட நேரத்தைப் பற்றிப் பேசுகிறது. சண்டையோ அரை விநாடியில் முடிந்துவிடுகிறது.

உடனே தம்பிக்குப் போன் செய்தாள்.

“அக்கா, லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறேன்.”

“அங்கேயே நில்லு. உன் பட்டியல் தப்பு!”

“ஊரே ஒத்துக்கிட்ட பட்டியல்க்கா அது.”

“ஊருக்குப் பட்டன் வைக்கத் தெரியலடா.”

அன்று சாயங்காலமே சோதனை. விளையாட்டின் பயிற்சி மைதானத்தில் கணவர் இலக்காக நின்றார். தம்பி திரையைப் போனில் படம் பிடித்தான், விநாடிக்கு அறுபது படம்.

“மாமா, ஆடாம நில்லுங்க.”

“தினம் வீட்டுல சுடுறது போதாதா மச்சான்? இங்கயும் நானா?”

அருவியால் தம்பி சுட்டான். மாமா விழ முப்பது படம். மூணுகுண்டால் அக்கா சுட்டாள். தம்பி ஒவ்வொரு படமாகத் தள்ளி எண்ணினான். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. மாமா குப்புற விழுந்தார். மறுபடி எண்ணினான். இருபத்தேழேதான்.

“சரி,” என்றான், குரல் இறங்கி. “ஞாயித்துக்கிழமை நீ ஆரம்பி. ஆனா அவரும் வருவார். சுற்றுக்குச் சுற்று ஆள் மாத்தலாம்.”

ஞாயிறு காலை போட்டி நடக்கும் மண்டபத்தில் நாற்பது கணினிகள் சூடாகிக்கொண்டிருந்தன. எதிரே பேக்கரி ஊழியர் அணி. மூன்றில் இரண்டு சுற்று வென்றால் ஆட்டம். மின்னல் கைக்காரர் அவளுக்குப் பின்னாலேயே நாற்காலி போட்டு, கழுத்தில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் சுற்றில் தூரத்திலேயே எதிரியைக் கண்டு அவசரமாகச் சுட்டாள். ஐந்து பட்டது, ஒன்று சுவருக்குப் போனது. எதிரிக்கு மிச்சம் பதினைந்து. மூன்றாவது முறை அழுத்தும் முன் அவள் தரையில் கிடந்தாள். சுற்றும் போனது.

தம்பி பின்னால் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் புரிந்தது.

“கணக்கு சரிதான்டா. நான்தான் அதுல பாதியை மறந்துட்டேன். ஆறும் படணும். தப்புக்கு இடமே இல்லாத துப்பாக்கி இது. கிட்ட வந்தாத்தான் இனிமே சுடுவேன்.”

“மச்சான், இன்னும் ஒண்ணு பாப்போம்,” என்றார் கணவர், வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பக்கம் திரும்பி.

இரண்டாவது சுற்றை ஆண்கள் இருவருமே முடித்துவிட்டார்கள். மூன்றாவதில் கணவர் விழுந்தார். தம்பி இரண்டு பேரைச் சாய்த்துவிட்டு விழுந்தான். பேக்கரியில் மிஞ்சியது அடுப்படிக்காரர் ஒருவர், கையில் அருவி. இந்தப் பக்கம் பட்டன் அக்கா.

அடுப்படிக்காரர் நீண்ட நடையின் கோடியில் தெரிந்தார்.

“சுடுக்கா!”

அவள் சுடவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றாள்.

“சுடுக்கா, போயிடப் போறான்!”

“வாயை மூடுறா.”

இருபது அடி. பத்து அடி. தூணை விட்டு வெளியே வந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் விசையைத் தொட்டார்கள். மூன்று. அந்தக் கால் விநாடி மூச்சில் திரை முழுக்கச் சிவந்தது. அவள் சுட்டியை மயிரிழையும் நகர்த்தவில்லை. மூன்று.

அடுப்படிக்காரர் மடங்கி விழுந்தார். அவள் உயிர் இருபதில் நின்றது. அருவியின் ஐந்து குண்டு வாங்கியிருந்தாள். ஆறாவது கிளம்பவே இல்லை.

கணவர் மேசையைத் தட்டிய தட்டில் தண்ணீர் பாட்டில் உருண்டது. மின்னல் கைக்காரர் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தம்பி பாராட்டவில்லை, அந்தக் குடும்பத்தில் அது வழக்கமும் இல்லை. அடுத்த ஆட்டத்துக்கான தாளை இழுத்து, மூன்றாவது வரியில் அக்காவை எழுதினான். பிறகு பேனா மூடியைக் கடித்தபடி கேட்டான்:

“அக்கா, பட்டியல்ல இருக்குற அந்த வேட்டைத் துப்பாக்கிக்கு எத்தனை சந்து?”

“இப்படி உக்காரு,” என்றாள் அவள், தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு.