அத்தை கூப்பிட்ட பிள்ளை

"வலிக்குமா கண்ணு?"

"எறும்பு கடிச்ச மாதிரிதாங்க அண்ணி. இவன் கையில ஒரு துளி தோலு, அவ்வளவுதான்."

"அதுல இன்னொரு புள்ளையச் செஞ்சு குடுத்துருவியாக்கும்," என்று ஆராயி சிரித்தாள். மடியில் இரண்டு வயது மகன் மாதேஷ். பிறவியிலேயே தலை சிறுத்தவன். தவழ்ந்ததில்லை. பேசியதில்லை.

நாத்தனார் சிவரஞ்சனிக்கு அந்தப் பேச்சு இன்னும் மறக்கவில்லை. பிறகு நடந்ததை இருவரும் கண்ணால் காணவில்லை. காதால் கேட்டார்கள். கட்டுக்கதை இல்லை.

அந்த மழைக்காலத்திலேயே மாதேஷ் போய்விட்டான். மண் போட்ட பிறகு நாகலூர் வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் செத்த பிள்ளை திரும்பி வந்துவிடும் என்பார்கள்.

பெங்களூரு ஆய்வகத்தில் சிவரஞ்சனி அந்தத் தோல் துளியை மூளையின் தாய்ச் செல்களாக மாற்றி வளர்த்தாள். கருவில் அவை முதலில் நன்றாகப் பெருக வேண்டும். அதற்கான ஜீன் மாதேஷுக்குச் சீக்கிரமே அணைந்துபோயிருந்தது. ஐப்பசியில் அவள் அதைச் சரிசெய்தாள். செல்கள் பெருகின. தினமும் சத்துநீர் மாற்றும்போது ஒருநாள் வாய் தவறி அவன் பெயர் வந்தது, பிறகு பழக்கமாகிவிட்டது.

"மாது, பால் குடி. அத்தை வந்திருக்கேன்."

ஆராயி போனில் "உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்" என்பாள். பிறகு, "நேர்ல சொல்றேன்" என்று வைத்துவிடுவாள்.

பொங்கல் முடிந்து சிவரஞ்சனி வந்தாள். அண்ணன் எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். மத்தியானமே பனி இறங்கி ஜன்னலை அடைத்திருந்தது. அண்ணியும் அவளும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளறையில்... தப்... தப்...

"பூனைங்களா அண்ணி?"

"பூனைக்கு ரெண்டு காலா கண்ணு?"

தப்... தப்... தப்...

சத்தம் கதவருகே நின்றது.

"அத்தே..."

சிவரஞ்சனி எட்டிப் பார்த்தாள்.

யாருமில்லை.

"ஐப்பசில தவந்தான். மார்கழில நடந்தான். பொங்கலுக்குப் பேச்சு வந்துருச்சு," என்றாள் ஆராயி மெதுவாக.

ஐப்பசி... ஜீனைச் சரிசெய்ததை இந்த வீட்டில் யாரிடமும் அவள் சொன்னதே இல்லை.

"நாந்தாங்க அண்ணி, தெனமும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்..."

"தெரியும். 'அத்தே, பாலு'ன்னு உன்னையத்தான் தேடறான். என்னைய ஒரு நாளும் கூப்பிடல."

ஆராயி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பெங்களூரு போயி, 'அம்மா'ன்னு ஒரு வார்த்தை அவனுக்குச் சொல்லிக் குடு கண்ணு. ஒருவாட்டி கேட்டுக்கறேன். அப்புறம்... அந்தப் பால நிறுத்திரு."