கிழக்கு ஜன்னல் வெளிச்சமும் சேர்த்து

எங்கள் வீட்டில் உயில் என்ற சொல்லை முதன்முதலில் உரக்கச் சொன்னது நான்தான். சொன்னதும் அம்மா அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து, வாயைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள்.

பிளஸ் டூ என்கிற புதுப் படிப்பு வந்த புதிதில் அதை முடித்துவிட்டு, கல்லூரிக்கு அனுப்புவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் நான் வீட்டில் இருந்த காலம் அது. காலையில் சேவூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து ஆரணிக்குப் போய்த் தமிழ் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்வேன். மற்ற நேரமெல்லாம் கை பரபரக்கும். வாரப் பத்திரிகைகளில் வரும் சட்டக் கேள்வி பதில் பகுதியை ஒன்றுவிடாமல் படித்துத் தீர்த்தேன். தெருவில் யாருக்கு யாரோடு தகராறு என்றாலும் என்னிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். அண்ணன் எனக்கு ஜட்ஜம்மா என்று பேர் வைத்திருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் தெருக்கோடி வீட்டுக்காரர் திடீரென்று காலமானார். காரியம் முடிந்த கையோடு அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டுக்காகச் சண்டை போட்டு, ஆளுக்கொரு பூட்டைக் கொண்டுவந்து ஒரே கதவில் மாட்டிவிட்டார்கள். உள்ளே தறியில் பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. அரக்கு நிறம், ஜரிகைக் கரை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் தெரியும். வழக்கு கோர்ட்டுக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. சேலைக்குள் எலி புகுந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தினமும் எட்டிப் பார்த்து, இன்று கரை போயிற்று, இன்று நடுவில் ஓட்டை என்று தெருவுக்கே செய்தி சொல்வார்கள். சேலையைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர் ஒரு உயில் எழுதி வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? உடனே போய் அப்பாவிடம் கேட்டுவிட்டேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். தறியில் உட்கார்ந்திருந்தவர் இழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாத்துக்கு? நான் எங்கனா கெளம்பிகினு இருக்கறனா?"

அதற்குப் பிறகு அவர் சொன்ன சாக்குகளைத் தொகுத்தால் அதுவே ஒரு புத்தகம் ஆகும். முதலில் ஆடி மாதம் என்றார். ஆடி போனது. தறியில் பாவு நூல் ஏற்றியிருக்கிறபோது அந்த மாதிரிக் காரியமெல்லாம் தொடக்கூடாது, பாவு முடியட்டும் என்றார். நானும் நம்பிக் காத்திருந்தேன். நெசவு வீட்டில் பிறந்த எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது: எங்கள் வீட்டுத் தறியில் பாவு இல்லாத நாள் ஏது? ஒன்று முடிகிற இடத்தில் அடுத்ததைப் பிணைத்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் அப்பாவுக்கு உயில் எழுத முகூர்த்தமே கிடையாது.

கடைசியில் அப்பாவை அசைத்தது என் வாதம் இல்லை, ஆரணி வக்கீல் ஒருவர்தான். தன் மகள் கல்யாணத்துக்குச் சேலை சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் கேட்ட கேள்விகளைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அப்பாவிடம் தன் உயிலைப் பற்றிச் சொன்னார். அவர் எழுதிவைத்து வெகுநாள் ஆகிறதாம். எழுதிய பிறகு நன்றாகச் சதை போட்டுவிட்டதாகத் தன் தொந்தியைத் தட்டிக் காட்டினார். அப்பா அந்தத் தொந்தியை வெகுநேரம் யோசனையாகப் பார்த்தார். மறுவாரம் என்னையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்த அவர் ஆபீசுக்குக் கிளம்பினார்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அத்தை அப்பாவின் தங்கை. தெள்ளாரில் வாழ்க்கைப்பட்டு, கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனைப் பறிகொடுத்து, ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பு. வந்த மறுநாளே அப்பா முன்கூடத்தில் கிழக்கு ஜன்னலை ஒட்டி இரண்டாவது தறி போட ஏற்பாடு செய்தாராம். எங்கள் தறிகளில் நெய்பவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். குழி சரியான ஆழம் இல்லையென்றால் இடுப்பு போய்விடும். அத்தையைத் திண்டில் உட்காரவைத்து, அவள் கால் தொங்குகிற நீளத்தைத் துடைப்பக் குச்சியால் அளந்து, அதற்குத் தக்கபடி வெட்டிய குழி அது. அத்தை குட்டை. அண்ணன் ஒருமுறை விளையாட்டாக உட்கார்ந்துவிட்டு முழங்கால் தாடையில் இடிக்க எழுந்து வந்தான். சின்ன வயதில் அத்தை மடியில் உட்கார்ந்து பேச்சு கேட்டதைவிட, அந்தத் தறிக்கு எதிரே உட்கார்ந்து அவளிடம் திட்டு வாங்கியதே எனக்கு அதிகம். அத்தை படுப்பதும் தறிப் பக்கத்தில் ஒரு பாய் விரித்துத்தான்.

வக்கீல் ஆபீசில் அப்பா முதலில் முத்திரைத்தாள் கேட்டார். உயிலுக்கு அது வேண்டாம், வெள்ளைத்தாளே போதும் என்றதும் அப்பாவுக்குப் பாதி மரியாதை போய்விட்டது. வீடு பாட்டன் சொத்தா, சுயார்ஜிதமா என்று வக்கீல் கேட்டார். நெய்து சம்பாதித்துக் கட்டியது என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அப்படியானால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எழுதவும் தொடங்கினார்கள். வீடு அம்மா இருக்கிற வரை அம்மாவுக்கு, பிறகு அண்ணனுக்கு. ஊருக்கு வெளியே இருந்த துண்டு நெல் நிலம் எனக்கு. 'இதுவே எனது கடைசி உயில்' என்று வக்கீல் வாசித்தபோது மட்டும், அந்தக் கடைசி என்கிற சொல்லை எடுத்துவிட முடியுமா என்று அப்பா கெஞ்சலாகக் கேட்டார்.

பிறகு அத்தையின் பேச்சு வந்தது. அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம். அவள் எங்கள் வீட்டுப் பெண், யார் அவளை வெளியே அனுப்பப் போகிறார்கள், இதையெல்லாம் எழுதினால் அசிங்கம் என்றார்.

வக்கீல் பேனாவை மூடினார். "நீங்க அனுப்ப மாட்டீங்க. நீங்க இல்லாதப்ப நடக்கறதுக்குத்தாங்க இந்தக் காகிதம்."

 அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் தெளிந்தது. பின்கட்டில் ஒரு அறை இருக்கிறது, எங்கள் வீட்டிலேயே கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரே அறை, அதை அவள் ஆயுள் உள்ளவரை அவளுக்கு என்று எழுதுங்கள் என்றார். தனி அறை. தனிப் பூட்டு. கூடத்திலேயே பிறந்து கூடத்திலேயே படுத்து வளர்ந்த எங்களுக்கு அதைவிடப் பெரிய கௌரவம் தெரியாது. வக்கீலும் நல்ல யோசனை என்றார். அவர் எழுதிக் கொடுத்ததை அங்கிருந்த மெஷினில் நான்தான் டைப் அடித்தேன்; அந்தப் பத்தி வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீடு திரும்புகிற வழியில் அப்பா ஒரு புதுப் பித்தளைப் பூட்டு வாங்கினார். நான் போன பிறகு எதற்கு, இப்போதே வைத்துக்கொள் என்று சாவியை அத்தையிடம் நீட்டினார். அத்தை விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். எதுக்குண்ணா இதெல்லாம் என்று மட்டும் சொல்லி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு தறிக்குப் போய்விட்டாள். நெகிழ்ந்துவிட்டாள் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டினோம்.

சில வருடங்கள் போயின. நான் ஒருவழியாகக் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். அண்ணனுக்குக் கலசப்பாக்கத்தில் ஒரு சொசைட்டியில் வேலை கிடைத்து, பெண்ணும் நிச்சயமானது. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, காலால் அளந்து பார்ப்பான். கல்யாணமாகி வருகிற பெண் எங்கே படுப்பாள், மாமனார் வந்தால் எங்கே உட்காருவார் என்று அவனுக்குக் கவலை. நியாயமான கவலைதான். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் இருக்கும்போது, மிகவும் மரியாதையாகவே கேட்டான்.

"அத்தை, உங்க தறிய பின்னால ரூமுக்கு மாத்திக்கலாங்களா? அது உங்க ரூம்தானே. இந்தக் குழிய மூடி சிமெண்ட் போட்டுட்டா, இங்க ஒரு தடுப்பு எடுத்துடலாம்."

நான் துள்ளி எழுந்தேன். உடனே டேப்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி, பூட்டியிருந்த அறையை வெளிச்சுவரோடு அளந்தேன். அங்கே தறி போடலாம், ஒன்றும் பிரச்சினை இல்லை. கதவைச் சாத்தாமல், பாவு சுற்றிய மரத்தை மட்டும் வாசலுக்கு வெளியே நீட்டிவிட்டால் சரியாக இருக்கும். மழை வந்தால் பாவு நனையும், அவ்வளவுதான். ஜன்னலும் கிடையாது. பகலிலேயே அங்கே அரக்கு எது கறுப்பு எது என்று தெரியாது.

திரும்பி வரும்போதுதான் நான் அடித்த அந்தப் பத்தி மனதில் ஓடியது. அறை அத்தைக்கு. கூடம் அண்ணனுக்கு. அப்படியானால் அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அத்தை தன் தறியில் உட்கார அண்ணனிடம் அனுமதி கேட்க வேண்டும். இப்போது கேட்கிறானே, இதே மரியாதையோடு அவன் மறுக்கவும் செய்யலாம். எங்கள் உயில் அதற்கு வழி செய்திருந்தது.

நான் கூடத்துக்கு வந்து நின்றேன். அத்தை இழை ஒன்று அறுந்திருந்ததைப் பார்த்து முடிந்துகொண்டிருந்தாள். முடிந்தவாறே சொன்னாள்.

"மாத்துறதுன்னா மாத்திக்கப்பா. ஆனா ஒண்ணு. தறி இருந்தா நான் இந்த வீட்ல சம்பாரிக்கறவ. ரூம் மட்டும் இருந்தா, நான் இந்த வீட்ல சும்மா கீறவ. அவ்ளோதான்."

அவள் குரலில் கோபமே இல்லை.  அன்று மாலை முழுவதும் அப்பாவின் தறி ஓடவில்லை. ஓடியது அத்தையுடையது மட்டும்தான்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அப்பா குளித்து வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் தறியில் பாதிப் பாவு அப்படியே இருந்தது. அதைக் காட்டி நான் ஏதோ சொல்ல வந்தேன். "பாவு கெடக்குது போ. ஜல்தியா கெளம்பு. அத்தைய கூப்பிடு. உங்கண்ணனையும் லீவு போடச் சொல்லு," என்றார்.

நான்கு பேரும் டவுன் பஸ்ஸில் போனோம். வக்கீல் எங்களைப் பார்த்ததும், முன் எழுதியதில் திருத்தம் என்றால் தனியாக ஒரு இணைப்பு எழுதலாம், அதிகமாக மாற்றுவதென்றால் புதிதாகவே எழுதி பழையதை ரத்து செய்துவிடலாம் என்றார். புதிதாகவே எழுதுங்கள் என்றார் அப்பா. கடைசி உயில்தான் எழுதியாகிவிட்டதே, இது கடைசிக்கு அடுத்ததா என்று அண்ணன் என் காதில் முணுமுணுத்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

பிறகு வக்கீலுக்கு வந்தது சோதனை. வீடு, மனை, கிணறு, புளியமரம் வரை எழுதிப் பழகியவர், தறிக்குழியை எழுதியதில்லை. நான்கு எல்லை சொல்லுங்கள் என்றார். அப்பாவும் நானும் ஆளுக்கொன்று சொல்லச் சொல்ல, அண்ணன்தான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னான். வாரா வாரம் அளந்தவன் அல்லவா. 'முன்கூடத்தில் கிழக்கு ஜன்னலை ஒட்டிய தறியும், தறிக்குழியும், பக்கத்தில் பாய் விரிக்கும் இடமும், தெருவாசலிலிருந்து அதற்குப் போய்வரும் வழியும் அவருடைய ஆயுள் உள்ளவரை' என்று வக்கீல் எழுதி நிமிர்ந்தார்.

"ஜன்னல்?" என்றேன் நான். யாராவது அந்த ஜன்னலை அடைத்துவிட்டால் தறி இருந்து என்ன பயன்?

வெளிச்சத்தை யாராவது உயிலில் எழுதுவார்களா என்று வக்கீல் சிரித்தார். சிரித்துக்கொண்டே 'ஜன்னல் வெளிச்சமும் சேர்த்து' என்று எழுதினார். அப்புறம் நீ பேசாமல் சட்டம் படி, என் பேஜாரை எல்லாம் நீ பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டுவிட்டேன். இதை எழுதும்போது சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தை வாயைத் திறந்தாள்.

"சார், அந்த ரூமு என் பேர்லயே கீதுங்களா?"

இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும் என்று அப்பா அவசரமாகச் சொன்னார்.

"எனக்கு எதுக்குண்ணா? கல்யாணம் பண்ணிகினு வர பொண்ணு கூடத்துல படுப்பாளா? இவன் பேருக்கு எழுதுங்க சார்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வாரக்கணக்கில் காலால் அளந்து தேடிய அறை அத்தையின் பேரில் இருந்திருக்கிறது. அத்தைக்கு வேண்டிய இடம் அவன் பேரில். எவ்வளவு பாசத்தோடு மாற்றி எழுதியிருக்கிறோம்! கையெழுத்துப் போட்ட அப்பா, சாட்சிகள் போடுகிற வரை அத்தை பக்கமே திரும்பவில்லை. வெளியே வந்ததும் எல்லோருக்கும் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். அத்தைக்கு மட்டும் கேட்காமலே இன்னொன்று.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு உயில் ருசி கண்டுவிட்டது என்பது வேறு விஷயம். ஒரு கறவை மாடு வாங்கியபோதும் வக்கீலைப் பார்க்க வேண்டும் என்றார். அம்மாதான் தடுத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அத்தை இடுப்பு முடிச்சை அவிழ்த்து, அந்தப் பித்தளைச் சாவியை அண்ணன் கையில் வைத்தாள். அண்ணன் பின்கட்டுக்குப் போனான். பூட்டோடு மல்லுக்கட்டுகிற சத்தம் கேட்டது. திறக்கவில்லை.

அத்தை அதற்குள் குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் கல்யாணத்துக்கான சேலை அவள் தறியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாடாவைத் தள்ளிக்கொண்டே, திரும்பாமல் குரல் கொடுத்தாள்.

"தேங்கா எண்ண ஊத்துடா. வாங்கியாந்த நாள்ல மாட்டுனது. நான் ஒருநாளும் தொறந்ததில்ல."